ஒரே சர்வரில் டேட்டாபேஸும் மெயிலும்: இரண்டையும் அடித்துக்கொள்ளாமல் ஓட வைப்பது எப்படி

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு சிறு நிறுவனத்திலிருந்து போன். "பில் போட முடியலை சார், டேட்டாபேஸ் கனெக்ஷன் எர்ரர்னு வருது." அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு சர்வர், 8 ஜிபி ராம், 4 கோர். பில்லிங்குக்கான மரியாடிபி டேட்டாபேஸும் அதிலேயே, நாற்பது பேருடைய மெயிலும் அதிலேயே. அமைத்துக் கொடுத்தவன் நான்தான் என்பதால் வேறு யாரையும் திட்ட வழியில்லை. உள்ளே போய், லினக்ஸின் மையமான கர்னல் எழுதி வைக்கும் லாக்கைப் பார்த்தால், ராம் தீர்ந்துபோனதால் மரியாடிபியைக் கொன்றுவிட்டதாக ஒரு வரி. ஆனால் குற்றவாளி மரியாடிபி இல்லை. மெயிலில் வைரஸ் தேடும் கிளாம்ஏவி, வைரஸ்களை அடையாளம் காணும் தன் சிக்னேச்சர்களைப் புதுப்பிக்கிறேன் என்று கூடுதலாக ஒரு ஜிபியை இழுத்திருக்கிறது, அதே நேரத்தில் நாற்பது பேரும் வந்து உட்கார்ந்து இன்பாக்ஸைத் திறந்திருக்கிறார்கள், ராம் தீர்ந்ததும் கர்னல் இருப்பவர்களில் யார் அதிகம் தின்கிறார் என்று பார்த்து அவரைப் போட்டுத் தள்ளிவிட்டது. அதிகம் தின்றது, நான் தாராளமாக 5 ஜிபி ஒதுக்கியிருந்த மரியாடிபி.

இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் இன்னொரு சர்வருக்கு மாதாமாதம் பணம் கட்ட எல்லா முதலாளிக்கும் மனம் வராது, அவர்கள் அளவுக்கு அது தேவையும் இல்லை. ஒழுங்காகப் பங்கு பிரித்தால் 8 ஜிபியில் இரண்டும் நிம்மதியாக ஓடும்.

பங்கு பிரிப்பதற்கு முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். மெயிலுக்குக் காத்திருக்கத் தெரியும், டேட்டாபேஸுக்குத் தெரியாது. 1982-இல், மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியை வரையறுத்த ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தின் காலத்திலிருந்தே, எதிர்முனை "இப்போது முடியாது, பிறகு வா" என்று 4-இல் தொடங்கும் எண்ணோடு பதில் சொன்னால், அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் அப்படி ஐந்து நாள் வரை முயலும், இயல்பு அமைப்பே அதுதான். பில் கவுண்டரில் நிற்கும் வாடிக்கையாளர் ஐந்து நிமிடம்கூட நிற்க மாட்டார். ஆகவே நெருக்கடி வந்தால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது மெயில். அதிலும் முழு மெயில் இல்லை. வெளியிலிருந்து மெயிலை வாங்கும் பகுதியும், வைரஸும் ஸ்பாமும் பார்க்கும் பகுதியும்தான் காத்திருக்கலாம். மெயில் பெட்டிகளைத் திறந்து காட்டும் டவ்காட் வழியாக, ஐமேப் என்ற நெறிமுறையில் இன்பாக்ஸைத் திறந்து வைத்திருக்கும் ஆள் காத்திருக்க மாட்டார், அவரும் உங்களுக்குத்தான் போன் போடுவார். எனவே வரிசை இது: முதலில் டேட்டாபேஸ், அடுத்து டவ்காட், கடைசியில் போஸ்ட்ஃபிக்ஸும் ஸ்கேனர்களும். கீழே செய்யப் போவது எல்லாம் இந்த வரிசையைச் சர்வருக்குப் புரிய வைக்கும் வேலை.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் டெபியன் 12, அதோடு வரும் மரியாடிபி 10.11, போஸ்ட்ஃபிக்ஸ் 3.7, டவ்காட் 2.3, கூடவே ஸ்பாம் பிரிக்கும் ஆர்ஸ்பாம்டி, அது தன் தகவல்களை வைக்கும் ரெடிஸ், கிளாம்ஏவி. அமைப்புகளின் பெயர்களை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். ஃபைலில் எழுதும்போது பெரும்பாலானவற்றில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும், சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது), கிளாம்ஏவி பெயர்களில் இடைவெளியே வராது.

முதல் படி: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

எதையும் மாற்றாதீர்கள். சிஸ்ஸ்டாட் பொதியை நிறுவி ஒரு வாரம் ஓட விடுங்கள், அப்புறம் அதோடு வரும் "சார்" (sar) என்ற கட்டளையில் நாள்வாரியாக எந்த நேரத்தில் எது ஏறுகிறது என்று தெரிந்துவிடும். ஏறும் நேரம்தான் பாதி விடை. காலை ஒன்பதரைக்கு ஏறினால் ஆட்கள், நள்ளிரவில் ஏறினால் நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகள், நேரங்காலம் இல்லாமல் ஏறினால் ஸ்பாம் அனுப்புகிறவர்கள்.

ஃப்ரீ கட்டளையில் "ஃப்ரீ" என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமை எல்லாம் ஃபைல் கேஷுக்கு, அதாவது படித்த ஃபைல்களின் நகலை வைக்க, எடுத்துக்கொள்ளும், அது நல்லதுதான். "அவைலபிள்" பத்திதான் உண்மையான கையிருப்பு. விஎம்ஸ்டாட்டை ஒரு விநாடி இடைவெளியில் ஓட்டி எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். அவை தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடமான ஸ்வாப்புக்கும் ராமுக்கும் இடையே இழுபறி நடக்கிறது என்று அர்த்தம்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது ப்ராக் அடைவில் ப்ரெஷர் என்ற பெயரில் இருக்கும் மூன்று ஃபைல்கள்: சிபியு, மெமரி, ஐஓ. லினக்ஸ் 4.20-இல் வந்தவை. எத்தனை சதவீத நேரம் வேலைகள் அந்த வளத்துக்காக மூச்சுமுட்டி நின்றன என்பதைக் கடைசி 10, 60, 300 விநாடிகளுக்கான சராசரியாகச் சொல்லும். லோடு ஆவரேஜ் 6 என்றால் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மெமரி ஃபைலின் "ஃபுல்" வரி 60 விநாடிச் சராசரியில் 8 என்று காட்டினால், அந்த நிமிடத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நேரம் ராமுக்காக எல்லா வேலையும் நின்றுபோயிருந்தது என்று நேராகத் தெரியும். என் கணக்கில் ஐந்தைத் தாண்டினாலே கை வைக்க வேண்டும். ஃபைல்களே இல்லையென்றால் கர்னல் துவக்க வரியில் பிஎஸ்ஐ=1 சேர்த்து மறுதுவக்கம் செய்யுங்கள்.

சிஸ்டம்டியின் சிஜிடாப் கட்டளை சேவைவாரியாக ராம் கணக்கு காட்டும். அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது: ஒரு சேவை படித்த ஃபைல்களின் கேஷும் அந்தச் சேவையின் கணக்கிலேயே எழுதப்படும். டவ்காட் 3 ஜிபி என்று காட்டும், பயந்துவிடாதீர்கள், அதில் பெரும்பகுதி இன்பாக்ஸ் ஃபைல்களின் கேஷ், தேவைப்பட்டால் கர்னலே பிடுங்கிக்கொள்ளும். நான் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு டவ்காட்டுக்கு ஒரு ஜிபி வரம்பு போட்டு, எல்லோருடைய இன்பாக்ஸும் ஆமை வேகத்தில் திறக்க, மதியத்துக்குள் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன்.

இரண்டாவது: ராமுக்குப் பட்ஜெட்

வீட்டுச் செலவுபோலத்தான், காகிதத்தில் எழுதினால்தான் மிச்சம் தெரியும். மேலே சொன்ன 8 ஜிபி சர்வருக்கு நான் போட்ட கணக்கு இப்படி:

- கர்னல், எஸ்எஸ்ஹெச், லாக், சில்லறை: 500 எம்பி
- மரியாடிபி மொத்தமாக: 3 ஜிபி
- கிளாம்ஏவி: 1.3 ஜிபி
- ஆர்ஸ்பாம்டியும் ரெடிஸும்: 600 எம்பி
- போஸ்ட்ஃபிக்ஸ்: 300 எம்பி
- டவ்காட் ப்ராசஸ்கள்: 500 எம்பி

கூட்டினால் 6.2 ஜிபி. மீதி கிட்டத்தட்ட 1.8 ஜிபியை யாருக்கும் கொடுக்கவில்லை. அதை வீணாகக் கிடக்கிறது என்று எடுத்து மரியாடிபிக்குக் கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள், நான் கொடுத்துத்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. டவ்காட்டின் இண்டெக்ஸ் ஃபைல்கள் கேஷில் உட்காரும் இடம் அதுதான்.

ஸ்வாப் வேண்டுமா என்றால், வேண்டும், 2 ஜிபி போதும். கர்னல் எவ்வளவு ஆவலாக ஸ்வாப்பை நாடும் என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினஸ் இயல்பாக 60 இருக்கும், 10-க்கு இறக்குங்கள். ஸ்வாப் இல்லாவிட்டால் சிறு உச்சத்துக்கும் கொலை விழும்.

மூன்றாவது: மரியாடிபிக்கு வேண்டிய அளவு மட்டும்

மரியாடிபியின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, டேட்டாவை ராமில் வைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு இன்னோடிபி பஃபர் பூல் சைஸ். அதற்கு ராமில் 80 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று இணையம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். அந்த அறிவுரை மரியாடிபி கிளைத்து வந்த மைஎஸ்க்யூஎல் ஆவணத்திலிருந்தே வருவதுதான், ஆனால் அங்கே "டேட்டாபேஸுக்கு மட்டுமான சர்வரில்" என்ற நிபந்தனையும் சேர்ந்து இருக்கிறது. எடுத்துப் போடுகிறவர்கள் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். எதையும் தொடாவிட்டால் அது 128 எம்பி, அதுவும் போதாது.

சரியான அளவைக் கண்டுபிடிக்க முதலில் உங்கள் டேட்டாவே எவ்வளவு என்று பாருங்கள். இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் டேபிள்ஸ் அட்டவணையில் டேட்டா லெங்த், இண்டெக்ஸ் லெங்த் இரண்டையும் கூட்டினால் தெரிந்துவிடும். மொத்தமே 900 எம்பி டேட்டா வைத்துக்கொண்டு 4 ஜிபி பூல் ஒதுக்குவது, இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவதுபோல. டேட்டா பெரிதாக இருந்தால், ஸ்டேட்டஸில் வரும் இன்னோடிபி பஃபர் பூல் ரீட்ஸ் என்ற எண்ணையும் ரீட் ரிக்வெஸ்ட்ஸ் என்ற எண்ணையும் ஒப்பிடுங்கள். முன்னது டிஸ்க் வரை போய்ப் படித்தது, பின்னது மொத்தமாகக் கேட்டது. ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் டிஸ்க்குக்குப் போகிறது என்றால் பூல் போதும். இந்தச் சர்வரில் 2.5 ஜிபி போதுமானதாக இருந்தது, ஐந்திலிருந்து பாதியாக இறக்கியும் பில்லிங்கில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறுதுவக்கம் இல்லாமலே மாற்றலாம், ஆனால் சுருக்கும்போது கொஞ்ச நேரம் எடுக்கும், ஆட்கள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

அடுத்தது எல்லோரும் மறக்கும் இடம், மேக்ஸ் கனெக்ஷன்ஸ். இயல்பு 151. ஒவ்வொரு கனெக்ஷனும் வேலை செய்யும்போது தனக்கென்று பஃபர்களை எடுத்துக்கொள்ளும். மரியாடிபியில் சார்ட் பஃபர் மட்டும் 2 எம்பி, மற்றவை சேர்த்தால் சுமார் 2.7 எம்பி, 151 பேரும் ஒரே நேரத்தில் வேலையில் இருந்தால் 400 எம்பி. அதற்கு மேல் தற்காலிக அட்டவணைக்கு ஆளுக்கு 16 எம்பி வரை போகலாம். பட்ஜெட்டுக்கு வெளியே போகும் பணம் இதுதான். மேக்ஸ் யூஸ்ட் கனெக்ஷன்ஸ் என்று ஸ்டேட்டஸில் பாருங்கள், இதுவரை 35-க்கு மேல் போனதில்லை என்றால் வரம்பை 60-க்கு இறக்கிவிடுங்கள். இறக்குவதற்கு முன் ஐந்தாவது படியைப் படித்துவிடுங்கள், மெயிலும் இந்த டேட்டாபேஸைத்தான் கேட்கிறது என்றால் அதற்கும் இடம் வேண்டும்.

இன்னோடிபி ஃப்ளஷ் மெத்தட் ஓ டைரக்ட் ஆக இருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்யுங்கள். 10.6-இலிருந்து மரியாடிபியில் அதுதான் இயல்பு. பழைய சர்வரிலிருந்து கான்ஃபிக்கை அப்படியே எடுத்து வந்தவர்களிடம் வேறு ஏதாவது இருக்கும். அது இல்லாவிட்டால் ஒரே டேட்டா பஃபர் பூலிலும் ஃபைல் கேஷிலும் இரண்டு முறை உட்கார்ந்து, டவ்காட்டின் இடத்தைத் தின்னும்.

நான்காவது: கிளாம்ஏவி

அது சிக்னேச்சர் முழுவதையும் ராமில் ஏற்றி வைத்துக்கொள்ளும், ஒரு ஜிபிக்கு மேல் போகும். புதுப்பிக்கும்போது பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றும், ஸ்கேன் நிற்கக் கூடாது என்பதற்காக. அந்தச் சில நிமிடம் இரட்டிப்பு. கிளாம்ஏவியின் கிளாம்டி கான்ஃபிக்கில் கன்கரண்ட் டேட்டாபேஸ் ரீலோடு என்ற அமைப்பை "நோ" என்று மாற்றினால் பழையதை இறக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்றும். அதுவரை ஸ்கேன் நிற்கும். நிற்கட்டுமே, மெயிலுக்குத்தான் காத்திருக்கத் தெரியுமே.

ஆனால் இங்கே ஒரு கண்ணி. கிளாம்ஏவி பதில் தராவிட்டால் ஆர்ஸ்பாம்டி மெயிலைத் தானாக நிறுத்தாது. ஸ்கேன் தோல்வி என்று ஒரு குறியைப் போட்டுவிட்டு உள்ளே விட்டுவிடும். எனவே ஆர்ஸ்பாம்டியின் ஃபோர்ஸ் ஆக்ஷன்ஸ் மாட்யூலில், அந்தத் தோல்விக் குறி விழுந்தால் சாஃப்ட் ரிஜெக்ட் என்று ஒரு விதி எழுதுங்கள். அப்போதுதான் அனுப்பும் சர்வருக்கு "பிறகு வா" என்று பதில் போகும், மெயில் ஸ்கேன் ஆகாமல் நுழையாது. இந்த விதி இல்லாமல் ரீலோடு அமைப்பை மட்டும் மாற்றுவது வாட்ச்மேனைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கேட்டைத் திறந்து போடுவதற்குச் சமம்.

ரெடிஸுக்கு மேக்ஸ் மெமரி ஒரு வரம்பு போடுங்கள், 300 எம்பி தாராளம். இயல்பில் அதற்கு வரம்பே கிடையாது.

ஐந்தாவது: போஸ்ட்ஃபிக்ஸின் வாசலை இறுக்குவது

போஸ்ட்ஃபிக்ஸ் தானாக அதிகம் தின்னாது. அது எத்தனை பேரை உள்ளே விடுகிறதோ அத்தனை பேருக்கும் பின்னால் ஸ்கேனர் ஓட வேண்டும், டேட்டாபேஸில் முகவரி தேட வேண்டும், டிஸ்க்கில் எழுத வேண்டும். எனவே வாசலில் பிடிப்பதுதான் மலிவு.

டீஃபால்ட் ப்ராசஸ் லிமிட் 100 என்று இருக்கும். 40 பேர் உள்ள அலுவலகத்துக்கு ஒரே நேரத்தில் நூறு எஸ்எம்டிபி உரையாடல் எதற்கு? மாஸ்டர் கான்ஃபிக்கில் எஸ்எம்டிபிடி வரியின் மேக்ஸ்ப்ராக் பத்தியில் 25 என்று போடுங்கள். ஆட்கள் மெயில் அனுப்பும் சப்மிஷன் வரி தனி, அதற்குத் தனியாக 20. இரண்டையும் பிரித்து வைத்தால் வெளியிலிருந்து ஸ்பாம் அலை வந்து 25 இடத்தையும் அடைத்தாலும் உள்ளே இருப்பவர்கள் மெயில் அனுப்புவது நிற்காது.

அந்த 25 இடத்தை வெட்டிப் பயல்கள் அடைக்காமல் இருக்கப் போஸ்ட்ஸ்க்ரீனை இயக்குங்கள். 2011-இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 2.8-இலிருந்து இருக்கிறது, டெபியனின் மாஸ்டர் கான்ஃபிக்கில் வரிகள் தயாராக, முன்னால் குறியிட்டு அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரே ப்ராசஸ் எல்லோரையும் வாசலில் நிறுத்தி, சில விநாடி காக்க வைத்து, அதற்குள் முந்திக்கொண்டு பேசுகிறவரைக் கழித்துக்கட்டும். ஒழுங்கான மெயில் சர்வர் வணக்கம் வரும்வரை வாய் திறக்காது, ஸ்பாம் அனுப்பும் தானியங்கி நிரல்களுக்குப் பொறுமை இல்லை. ஒன்று கவனியுங்கள்: போஸ்ட்ஸ்க்ரீன் கிரீட் ஆக்ஷன் இயல்பில் "இக்னோர்", அதாவது கண்டுபிடிக்கும், ஆனால் ஒன்றும் செய்யாது. "என்ஃபோர்ஸ்" என்று மாற்றினால்தான் வேலை நடக்கும். ஸ்கேனர் மேல் விழும் பாரத்தைக் குறைத்ததில் இதைவிட உருப்படியான மாற்றம் நான் பார்க்கவில்லை.

இப்போது டேட்டாபேஸும் மெயிலும் நேராகக் கைகோர்க்கும் இடம். பயனர் பட்டியல், டொமைன் பட்டியல், ஏலியஸ் (மாற்று முகவரி) பட்டியல் மூன்றையும் மரியாடிபியில் வைத்திருப்பவர்கள் நிறைய. ஒவ்வொரு எஸ்எம்டிபிடி ப்ராசஸும் ஒவ்வொரு பட்டியலுக்கும் தனியாக ஒரு கனெக்ஷன் திறக்கும். நூறு ப்ராசஸ், மூன்று பட்டியல், முந்நூறு கனெக்ஷன், உங்கள் வரம்போ 151. பில்லிங் சாஃப்ட்வேருக்கு "டூ மெனி கனெக்ஷன்ஸ்" என்று வரும், எங்கோ ஒரு ஸ்பாம் அனுப்புகிறவனால் என்று யாருக்குத் தோன்றும்? தீர்வு சின்னது: மெயின் கான்ஃபிக்கில் மைஎஸ்க்யூஎல் என்று தொடங்கும் பட்டியல் பெயருக்கு முன்னால் ப்ராக்ஸி என்ற சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்துவிட்டால், ப்ராக்ஸிமேப் என்ற இடையாள் சில கனெக்ஷன்களை மட்டும் திறந்து எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பார். டவ்காட் பக்கத்திலும் இதே கதைதான். லாகின் விவரத்தை நினைவில் வைக்கும் ஆத் கேஷ் சைஸ் இயல்பில் பூஜ்யம், ஒவ்வொரு லாகினுக்கும் டேட்டாபேஸைக் கேட்கும். 10 எம்பி என்று போட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. டவ்காட்டின் ஆத் வொர்க்கர்கள் 30 வரை போகலாம், ஆளுக்கொரு கனெக்ஷன், அதையும் 5-க்கு இறக்குங்கள். கடைசியாக மரியாடிபியில் மெயிலுக்கென்று தனிப் பயனர் வைத்து, அந்தப் பயனருக்கு மேக்ஸ் யூசர் கனெக்ஷன்ஸ் 20 என்று வரம்பு கட்டிவிட்டால், மெயில் எவ்வளவு ஆடினாலும் பில்லிங்கின் இடம் பத்திரம். வரம்பு முட்டினால் மெயில் பக்கம் 451 என்று தற்காலிகத் தோல்வி போகும், அனுப்புகிறவர் பிறகு வருவார்.

ஆறாவது: டவ்காட்

இதை அதிகம் நோண்ட வேண்டாம். ஒவ்வொரு ஐமேப் கனெக்ஷனுக்கும் ஒரு ப்ராசஸ். போன், லேப்டாப், ஆபீஸ் கணினி என்று ஒரு ஆளுக்கே ஐந்தாறு சும்மா திறந்து கிடக்கும். டவ்அட்ம் ஹூ என்று அடித்தால் யார் எத்தனை என்று காட்டும். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் ஐமேப் ஹைபர்னேட் டைம்அவுட்டை 30 விநாடி என்று வைத்தால் சும்மா இருக்கும் கனெக்ஷன்களின் ப்ராசஸை மூடிவிட்டு ஒரே ஒரு காவல் ப்ராசஸிடம் ஒப்படைக்கும். சாக்கெட் அனுமதியைச் சரியாக வைக்காவிட்டால் லாக்கில் பிழை கொட்டும், அதை மட்டும் பாருங்கள்.

ஏழாவது: சிஸ்டம்டியிடம் வேலி போடச் சொல்வது

இதுவரை செய்தது எல்லாம் அவரவரிடம் "கொஞ்சமாகச் சாப்பிடு" என்று சொல்லி வைத்தது. சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் என்ன என்பதற்குத்தான் வேலி. டெபியன் 11-இலிருந்து, ப்ராசஸ்களைக் கூட்டமாகக் கட்டி வரம்பு போடும் சிகுரூப் வசதியின் இரண்டாம் பதிப்பு இயல்பாகவே வருகிறது, தனியாக ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை.

மெயில் என்ற பெயரில் ஒரு ஸ்லைஸ் யூனிட், அதாவது பல சேவைகளை ஒன்றாகக் கட்டும் கூட்டம், உருவாக்குங்கள். அதில் மெமரி ஹை 2500 எம்பி, மெமரி மேக்ஸ் 3 ஜிபி, சிபியு வெயிட் 40. பிறகு கிளாம்ஏவி, ஆர்ஸ்பாம்டி, ரெடிஸ், போஸ்ட்ஃபிக்ஸ் நான்கின் யூனிட்களையும் சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையில் திறந்து, சர்வீஸ் பகுதியில் ஸ்லைஸ் என்று இதைக் காட்டி, ஒவ்வொன்றையும் மறுதுவக்கம் செய்யுங்கள். டவ்காட்டை இதில் சேர்க்காதீர்கள், காரணம் முன்பே சொன்னேன். மெமரி ஹையைத் தொட்டால் கர்னல் அந்தக் கூட்டத்தை மெதுவாக்கி ராமைப் பிடுங்கும். மேக்ஸைத் தொட்டால் கொலைதான், ஆனால் கொலை அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நடக்கும். அங்கே அதிகம் தின்பவர் கிளாம்ஏவி. மரியாடிபி தப்பித்தது, மெயில் கொஞ்ச நேரம் வெளியே காத்திருக்கும், கிளாம்ஏவி திரும்ப எழுந்திருக்கும். அது தானாக எழ ரீஸ்டார்ட் ஆன் ஃபெய்லியர் என்று யூனிட்டில் சேர்த்திருக்க வேண்டும்.

எனக்கு இரண்டு மணி நேரம் தின்ற இடம் ஒன்று உண்டு. டெபியன் 12-இல் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற யூனிட் வெறும் உறை, தொடங்கியதும் ஒன்றும் செய்யாமல் முடிந்துவிடும். உண்மையான வேலை, பெயருக்குப் பின்னால் ஒரு அட் குறியும் ஒரு சிறு கோடும் உள்ள இன்னொரு யூனிட்டில் நடக்கிறது. உறைக்கு என்ன வரம்பு போட்டாலும் பயன் இல்லை. சிஜிஎல்எஸ் கட்டளையில் மரத்தைப் பார்த்து, ப்ராசஸ்கள் உண்மையிலேயே மெயில் ஸ்லைஸுக்குள் வந்துவிட்டனவா என்று கண்ணால் சரிபாருங்கள்.

சிபியு வெயிட்டிலும் ஒரு சூட்சுமம். இந்த எண் உடன்பிறந்தவர்களுக்கு இடையில் மட்டும்தான் ஒப்பிடப்படும். மெயில் ஸ்லைஸ் மேல்மட்டத்தில் சிஸ்டம் ஸ்லைஸுக்குப் பக்கத்தில் உட்காரும். சிஸ்டம் ஸ்லைஸின் இயல்பு 100, இதற்கு நாம் கொடுத்தது 40, ஆகவே நெருக்கடியில் 100-க்கு 40 என்று பங்கு. மரியாடிபி யூனிட்டுக்கு 500 என்று போட்டாலும் அது சிஸ்டம் ஸ்லைஸுக்குள் டவ்காட், எஸ்எஸ்ஹெச் போன்றவர்களோடு மட்டும்தான் போட்டி போடும், மெயில் ஸ்லைஸோடு இல்லை. நெருக்கடி இல்லாத நேரத்தில் இந்த எண்கள் எதுவும் யாரையும் தடுக்காது, சும்மா கிடக்கும் சிபியு கோரை ஸ்கேனர் முழுசாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ராம் தீர்ந்தால் யாரை முதலில் கொல்வது என்பதைச் சாய்க்கும் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் அமைப்பை மரியாடிபி யூனிட்டில் -600 என்றும், கிளாம்ஏவியில் 500 என்றும் போடுங்கள். -1000 போட்டால் கொல்லவே முடியாது. ஆசையாக இருக்கும், வேண்டாம், டேட்டாபேஸே பைத்தியம் பிடித்து வளர்ந்தால் சர்வர் மொத்தமும் போய்விடும். மெமரி லோ என்ற பாதுகாப்பை மரியாடிபிக்குக் கொடுக்க நினைத்தால் அதே அளவைச் சிஸ்டம் ஸ்லைஸுக்கும் கொடுக்க வேண்டும், பெற்றோருக்கு இல்லாத பாதுகாப்பு பிள்ளைக்குச் செல்லாது.

எட்டாவது: டிஸ்க், இதில்தான் உண்மையான சண்டை

ராமைப் பிரித்த பிறகும் மந்தமாக இருந்தால் டிஸ்க்தான். இரண்டு பேருக்கும் ஒரே பழக்கம்: எழுதியதை டிஸ்க்கில் உறுதியாக இறங்கும்வரை நின்று எஃப்சிங்க் செய்வது. போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை டிஸ்க்கில் பத்திரப்படுத்திய பிறகுதான் எதிர்முனைக்கு 250 என்று சொல்லும். இன்னோடிபி ஒவ்வொரு கமிட்டுக்கும், மாற்றங்களைக் குறித்து வைக்கும் ரீடூ லாக்கை இறக்கும். ஒரே எக்ஸ்ட் 4 ஃபைல் சிஸ்டம் பகுதியில் இரண்டும் இருந்தால், எழுதுவதைப் பதிவு செய்யும் ஜர்னலும் ஒன்றே, ஒருவருடைய எஃப்சிங்க் அடுத்தவர் எழுதி வைத்ததையும் சேர்த்து இறக்கும்வரை நிற்கும். ஆகவே ஒரே டிஸ்க்கே ஆனாலும் மரியாடிபியின் டேட்டா அடைவு, மெயில் பெட்டிகள், போஸ்ட்ஃபிக்ஸ் தன் வரிசையை வைக்கும் ஸ்பூல் மூன்றையும் தனித்தனிப் பகுதியில் வையுங்கள். இரண்டாவது டிஸ்க் கிடைத்தால் டேட்டாபேஸை அதற்கு நகர்த்துங்கள். ஃபைலைப் படித்த நேரத்தை ஒவ்வொரு முறையும் எழுதாமல் இருக்க மெயில் பகுதிக்கு நோஏடைம் போடுங்கள்.

தனிப் பகுதியால் இன்னொரு லாபம், யாரோ ஒருவர் வீடியோவை எல்லோருக்கும் அனுப்பி மெயில் இடம் நிறைந்தாலும் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்காது. மெயில்டிர் முறையில் மெயிலை வைத்திருப்பவர்கள் இடத்தை மட்டும் பார்க்காமல், ஃபைலுக்கு ஒன்றாக வேண்டிய ஐநோடு எண்ணிக்கையையும் டிஎஃப் கட்டளையில் பாருங்கள். ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். எக்ஸ்ட் 4 இயல்பாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு வைக்கும், 100 ஜிபி பகுதியில் சுமார் 65 லட்சம். இடம் பாதி காலியாக இருக்கும்போதே "இடம் இல்லை" என்று வந்து குழப்புவது இதனால்தான்.

டிஸ்க் பங்கைப் பிரிக்கும் ஐஓ வெயிட் என்று சிஸ்டம்டியில் ஓர் அமைப்பு இருக்கிறது, போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் பிஎஃப்க்யூ ஆக இருந்தால் அல்லது ஐஓ காஸ்ட் இயக்கப்பட்டிருந்தால்தான் அது பலிக்கும். வாடகைச் சர்வர்களில் பெரும்பாலும் "நன்" (ஒன்றுமில்லை) அல்லது எம்க்யூ டெட்லைன் என்றுதான் இருக்கும். அங்கே மெயில் ஸ்லைஸுக்கு ஐஓ ரைட் பேண்ட்வித் மேக்ஸ் என்று நேரடி வரம்பு போடுவது வேலை செய்யும்.

இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட் என்பதை 2 ஆக்கினால் விநாடிக்கு ஒருமுறைதான் எஃப்சிங்க், டிஸ்க் பாரம் சட்டென்று இறங்கும். மின்சாரம் போனாலோ கர்னல் விழுந்தாலோ கடைசி ஒரு விநாடிக் கமிட்கள் போகலாம். வலைப்பதிவுக்கு என்றால் யோசிக்காமல் போடுவேன். பில்லிங்குக்கு 1-இலேயே விட்டுவிட்டேன்.

இரவு வேலைகளை ஒரே நேரத்தில் விடாதீர்கள். டேட்டாபேஸ் பேக்கப் ஒன்றரைக்கு, மெயில் பேக்கப் மூன்றுக்கு, பழைய மெயில் அழிப்பது நான்கரைக்கு என்று தள்ளி வையுங்கள். டம்ப் எடுக்கும்போது சிங்கிள் டிரான்சாக்ஷன் தெரிவைச் சேர்த்தால் இன்னோடிபி அட்டவணைகள் பூட்டப்படாது.

ஒன்பதாவது: வேண்டுமென்றே திணறடித்துப் பாருங்கள்

ஆட்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் செய்யுங்கள். போஸ்ட்ஃபிக்ஸோடு எஸ்எம்டிபி சோர்ஸ் என்று ஒரு சோதனைக் கருவி வருகிறது. உங்கள் சர்வருக்கே, ஒரு சோதனை முகவரிக்கு, ஒரே நேரத்தில் 20 உரையாடலாக 500 மெயில்களை அடியுங்கள். கூடவே மரியாடிபி ஸ்லாப் கருவியில் டேட்டாபேஸுக்கும் பாரம் ஏற்றுங்கள். இன்னொரு ஜன்னலில் ப்ரெஷர் ஃபைல்களை வாட்ச் கட்டளையில் வைத்துப் பாருங்கள். மெயில் வரிசை நீண்டு, வரிசையின் நீளத்தைக் காட்டும் க்யூஷேப் கட்டளையின் எண்கள் ஏறி, டேட்டாபேஸின் பதில் நேரம் பெரிதாக நகராமல் இருந்தால் அமைப்பு சரி. வரிசை நீள்வதைப் பார்த்துக் கை பரபரக்கும், விட்டுவிடுங்கள், சோதனை நின்றதும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே வடியும். டேட்டாபேஸ் திணறினால் மெயில் ஸ்லைஸின் வரம்பை இன்னும் கொஞ்சம் இறக்கி மறுபடி அடியுங்கள். ஒரு சோதனைக்கு ஒரே ஒரு மாற்றம், அதையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

பிரிக்க வேண்டிய நாள் வந்தால்

வரும். பஃபர் பூலைப் பெரிதாக்கியே ஆக வேண்டும் என்ற நிலையில் பட்ஜெட்டில் இடமே இல்லை என்றால் வந்துவிட்டது. அப்போது மெயிலைப் புதுச் சர்வருக்குக் கொண்டுபோகத் தோன்றும், ஏனென்றால் தொல்லை கொடுப்பது அதுதானே. டேட்டாபேஸைக் கொண்டுபோங்கள். மெயில் போகிற இடத்துக்குப் புது ஐபி, அதற்குப் புதிதாக, ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ், உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் திருத்தம். அதோடு அந்த ஐபியை யாருக்கும் தெரியாது என்பதால் பெரிய மெயில் சேவைகள் உங்கள் கடிதங்களைச் சில வாரம் சந்தேகத்தோடுதான் பார்க்கும், முன்பு அந்த ஐபியை வைத்திருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால் இன்னும் மோசம். டேட்டாபேஸுக்கு அப்படி நல்ல பெயர் எதுவும் தேவையில்லை, பில்லிங் சாஃப்ட்வேரில் ஒரு முகவரியை மாற்றினால் முடிந்தது. கிளம்புவதற்கு முன் மெயிலின் பயனர் பட்டியலை மட்டும் மரியாடிபியிலிருந்து எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்மேப் கட்டளையில் உள்ளூர் ஃபைலாக மாற்றிவிடுங்கள். நாற்பது பேர் பட்டியல்தானே, டவ்காட்டுக்கும் ஒரு பாஸ்வேர்டு ஃபைல் போதும்.